மாலையோட வர்றதுக்கு முன்னாடியே எம்.எல்.ஏ.வைப் போய்ப் பாருங்க

நம்ம அச்சங்குளத்துப் பேரு ஊரு உலகத்துக்கெல்லாம் தெரிஞ்சது 2021 பிப்ரவரி 12-ல. பட்டாசு ஆலை வெடிச்சு 20 பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. அதுக்கப்புறம் கார் கார்யா வந்தாங்க. மாலை வந்துச்சு, நிவாரணம் வந்துச்சு. நான் கேக்குறது ஒண்ணுதான்: சட்டமன்ற உறுப்பினரை நாம பாக்குறதுக்கு ஒரு சாவு விழணுமா?

இதை எல்லாரையும் பாத்துச் சொல்லல. பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்குற தாய்மாருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் சொல்றேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் உங்களைச் சும்மா உக்கார வைக்கல. குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பொம்பளைங்க இருக்கணும்னு சொல்லுது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுறதும் உங்க வேலைன்னு சொல்லுது. நம்ம மாநிலத்துல 2022-லயும் 2024-லயும் குழுவைப் புதுசா அமைச்சாங்க. ஆனா பல ஊர்ல நடக்குறது என்ன? கூட்டம் போடுறோம், டீ குடிக்கிறோம், தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடுறோம். நோட்டு பீரோவுக்குள்ள போயிருது.

கண்மாய் நிறையத் தண்ணி கிடந்தாலும், மடையைத் திறக்க ஆள் போனாத்தான் வயலுக்கு வரும். ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் வருசத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கு. வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் அதுல கேக்கலாம். நடுநிலைப் பள்ளியை உயர்நிலையா தரம் உயர்த்துறது சென்னையில முடிவாகுற காரியம். அதைச் சட்டசபையில எழுந்து கேக்க வேண்டியது அவருதான். தலைமையாசிரியர் அரசு ஊழியர், மேலதிகாரியைத் தாண்டிப் போய்ப் பேச அவருக்கு வழியில்ல. உங்களுக்கு இருக்கு.

"எம்.எல்.ஏ. வீட்டுப் படி ஏறுனா கட்சிக்காரன்னு முத்திரை குத்திருவாங்க"ன்னு சொல்றாங்க. தனியாப் போனாத்தான் குத்துவாங்க. ஏழெட்டுப் பேராப் போங்க, முன்னால பொம்பளைங்க நிக்கட்டும், கையில தீர்மான நகல் இருக்கட்டும். ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, ஜெயிச்சவரு யாரா இருந்தாலும் அவரு நமக்கு எம்.எல்.ஏ.தான். ஒரு தடவை போய்ட்டு விட்ராதீங்க. வேலை நடந்தா நன்றி சொல்லவும் போங்க, நடக்கலைன்னா ஏன்னு கேக்கவும் போங்க. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு, ஓட்டு ஒழுகுற வகுப்புலயே உக்கார வைங்க.

விருதுநகர்ல பிறந்த காமராசர் 1957-லயும் 1962-லயும் சாத்தூர் தொகுதியிலதான் ஜெயிச்சாரு. அவரு ஆட்சியில பள்ளிச் சீரமைப்பு மாநாடு ஊர் ஊரா நடந்துச்சு. சனங்க பெஞ்சு, கரும்பலகை, கட்டடம்னு குடுத்தாங்க. ஊரும் ஆட்சியும் ஒரே பந்தல்ல உக்காந்து பேசுனதாலதான் பள்ளிக்கூடம் வளந்துச்சு. அவரு சிலைக்கு மாலை போடுற நமக்கு அந்தப் பழக்கம் எங்க போச்சு?

இங்க ஏன் அவசரம்னா, எட்டாவது முடிக்கிற புள்ளைக்கு வயசு 13, 14. வெடிமருந்து வேலைக்கு 18 வயசுக்குள்ள யாரையும் வைக்கக் கூடாதுன்னு 2016 திருத்தச் சட்டம் சொல்லுது. நடுவுல இருக்குற அந்த நாலு வருசத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடமும் அதுக்கு ஒரு பஸ்ஸும் இல்லைன்னா, புள்ளை கை எங்க போகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

அடுத்த கூட்டத்துல முதல் தீர்மானமா இதைப் போடுங்க: எந்தத் தேதியில, யார் யார் போய் எம்.எல்.ஏ.வைப் பாக்குறதுன்னு.