அடியை விடுங்கள், டிஎம்சியைக் காட்டுங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் டெல்டாவில் டீக்கடைப் பேச்சு ஒன்றுதான்: மேட்டூர் எத்தனை அடி? நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும் ஆண்டுகளில், தொலைக்காட்சியில் நீல நிறப் பட்டை ஒன்றை எழுப்பி, 'முழுக் கொள்ளளவு 120 அடி, இன்று 60 அடி' என்பார்கள். கொள்ளளவாம், அடியிலாம்! பட்டை பாதி நிரம்பியிருக்கிறது. அணையும் பாதி நிரம்பியிருக்கிறது என்றுதானே பார்ப்பவர் நினைப்பார்?

இல்லை. 120 அடியில் மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). 60 அடியில் இருப்பது சுமார் 25 டிஎம்சி, கால்வாசிக்குச் சற்று மேல். நீர்த்தேக்கம் கீழே குறுகல், மேலே போகப் போக விரிவு. 100 அடியில் சுமார் 65 டிஎம்சி இருக்கும். ஆக, உச்சியில் உள்ள 20 அடியில் மட்டும் 28 டிஎம்சி. கீழே உள்ள 60 அடியையும் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது. பட்டையோ எல்லா அடிக்கும் ஒரே உயரம் தருகிறது.

அணைகளை ஒப்பிடும்போது கூத்து இன்னும் பெரிது. தஞ்சைப் பக்கம் கணக்கு வாத்தியார் நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அணைகளின் முழு நீர்மட்டத்தைப் பட்டை விளக்கப்படமாகப் போடச் சொன்னேன். அளவுத்திட்டம் 1 செ.மீ. = 10 அடி. பாபநாசம் 143 அடி, அதனால் 14.3 செ.மீ. மேட்டூர் 12. வைகை 71 அடி, 7.1 செ.மீ. படத்தில் பாபநாசம்தான் பெரியண்ணன். அடுத்த தாளில் 1 செ.மீ. = 10 டிஎம்சி என்று மாற்றினோம். மேட்டூர் 9.3 செ.மீ. எழுந்து நின்றது. வைகைக்கு 6 மி.மீ., பாபநாசத்துக்கு ஐந்தரை.

"சார், பாபநாசம் எங்க சார் போச்சு?" என்றாள் முன் பெஞ்சு மாணவி. இரண்டு தாளிலும் பிழை இல்லை. இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். தொல்லையே அதுதான்.

சென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஏரிகளின் இருப்பு அவர்களுக்கு மில்லியன் கன அடியிலேயே வந்துவிடுகிறது. பூண்டி 35 அடி, 3.231 டிஎம்சி. செம்பரம்பாக்கம் 24 அடிதான், ஆனால் 3.645 டிஎம்சி. அடியை வைத்துப் பட்டை போட்டிருந்தால் பூண்டிதான் பெரிது என்று ஆகியிருக்கும்.

அடிக்கணக்கே கூடாது என்று சொல்லவில்லை. அணையைக் காக்கும் பொறியாளருக்கு அது வேண்டும். முல்லைப் பெரியாறு விவகாரமே 142 அடியைச் சுற்றித்தான். மேட்டூரில் 90 அடி இருந்தால் ஜூன் 12-ல் திறப்பு என்பது என் அப்பா தலைமுறையின் மனக்கணக்கு. அவர்களுக்குப் படமே தேவையில்லை. நாளுக்கு நாள் ஏறி இறங்குவதைக் கோட்டுப் படமாகப் போட்டாலும் அடி போதும், அங்கே கண் பார்ப்பது போக்கை. பட்டையில் அப்படியில்லை. 'இவ்வளவு இருக்கிறது' என்று நீளத்தைத்தான் கண் படிக்கிறது. அந்த 'இவ்வளவு' தண்ணீராக இருக்க வேண்டாமா?

அடி, டிஎம்சி இரண்டும் தினமும் செய்தியில் வருகின்றன. இருக்கிற எண்ணைத்தான் வரையச் சொல்கிறேன். பட்டையைப் பூஜ்யத்தில் தொடங்கி டிஎம்சியில் போடுங்கள்; அடியைச் சின்ன எழுத்தில் தலைமேல் எழுதுங்கள். போன வருஷம் இதே தேதியில் இருந்த இருப்பை, வெளிறிய நிறத்தில் பக்கத்திலேயே நிறுத்துங்கள். குறுவைக்கு நாற்று விடலாமா, போர்செட்டைத்தான் நம்ப வேண்டுமா என்று வரப்பில் நிற்பவர் முதலில் தேடுவது அந்த இரண்டு பட்டையைத்தான். நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் இப்போதுபோல் கீழே ஓடட்டும்.