கேமரா யார் பக்கம்?

திரையில் இனவெறியைக் காட்டும் இயக்குநரும் இனவெறியரே என்கிறார்கள். அப்படியானால் அமெரிக்க இயக்குநர்களான டி.டபிள்யூ. கிரிஃபித்தும் ஸ்பைக் லீயும் ஒரே கூண்டில் நிற்க வேண்டும். அதை என்னால் ஏற்க முடியாது.

கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ 1915இல் வந்தது. முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் கறுப்பினத்தவரை மிருகங்களாகச் சித்திரித்தார்கள். குதிரையில் வரும் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டமோ காக்க வந்த வீரர்கள். ஆபத்தில் சிக்கியவர்களையும் பாய்ந்து வரும் குதிரைகளையும் மாற்றி மாற்றிக் காட்டி, பார்ப்பவர் நெஞ்சைக் கொலைகாரர்களுக்காகத் துடிக்க வைத்தார். செயலற்றுப் போயிருந்த கிளான் அதே ஆண்டில் ஜார்ஜியாவில் மீண்டும் தொடங்கப்பட்டது. அதற்கு இந்தப் படமும் ஊக்கம். கிரிஃபித்தை இனவெறியர் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

2018இல் ‘பிளாக் கிளான்ஸ்மேன்’ எடுத்த ஸ்பைக் லீ, அதே காட்சிகளைத் தன் படத்துக்குள் ஓட்டுகிறார். கிளான் உறுப்பினர்கள் பார்த்து ஆரவாரிக்கிறார்கள். இடையிடையே இன்னொரு அறை. 1916இல் டெக்சாஸின் வேக்கோவில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற கறுப்பின இளைஞன் பெருங்கூட்டத்தின் முன் எரித்துக் கொல்லப்பட்டதை, ஹாரி பெலஃபான்டே நடித்த முதியவர் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிரிஃபித் கூர்தீட்டிய அதே படத்தொகுப்பு உத்தி அவருக்கெதிராகவே திரும்புகிறது. வசைச்சொற்கள் இங்கேயும் உண்டு. அவற்றை மட்டும் எண்ணுகிறவர்கள், எரிக்கப்பட்டவன் கதையைச் சொன்னவரை எரித்தவர்களோடு சேர்த்து நிறுத்துகிறார்கள்.

நல்ல நோக்கம் மட்டும் போதும் என்று நான் வாதிடவில்லை. அடிபடுபவனுக்குப் பெயரும் முகமும் தந்தாரா, அடிப்பவனுக்குக் கைதட்டல் வாங்கித் தந்தாரா என்று கேட்டு ஓர் இயக்குநரைக் கண்டியுங்கள். நானும் உடன் வருகிறேன்.