ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்

"புக்கைப் படிச்சு எலெக்ட்ரானிக்ஸ் வருமாடா? ஒரு கிட் வாங்கு, யூடியூபைப் போடு, ஒயரைச் செருகு, தானா வரும்." பொறியியல் கல்லூரி விடுதிகளில் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு சீனியர் சொல்லும் அறிவுரை இது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியைத் துணைக்கு அழைத்து, ஆசிரியர்கள் சிலரும் இதை வழிமொழிகிறார்கள். சமையலுக்கு அந்தப் பழமொழி பொருந்தலாம். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸுக்குப் பொருந்தாது. புத்தகம் இல்லாமல் செய்து பார்ப்பவனுக்குக் கை பழகும். அதோடு பிழையும் பழகும்.

7400 ஐசியை எடுத்துக்கொள்வோம். 14 கால்கள், உள்ளே நான்கு நாண்ட் கேட்டுகள். மாணவன் அதை பிரெட்போர்டில் செருகுகிறான். ஒரு இன்புட்டுக்கு ஒயர் கொடுக்க மறந்துவிடுகிறான். ஆனாலும் எல்இடி அவன் நினைத்தபடியே எரிகிறது. டிடிஎல் வகை ஐசியில், எதனுடனும் இணைக்காத இன்புட் பெரும்பாலும் 1 போலவே நடந்துகொள்ளும் என்பதுதான் காரணம். 'சும்மா விட்டால் 1' என்று அவன் மனதில் பதிந்துவிடுகிறது. அடுத்த புராஜெக்டுக்கு அதே கால் அமைப்புள்ள 74எச்சி00 கிடைக்கிறது. இது சிமாஸ் வகை. இணைக்காத இன்புட் இங்கே எந்த மதிப்பிலும் நிலையாக நிற்காது. கையைக் கிட்டே கொண்டுபோனாலே எல்இடி மினுக்கலாம். உடனே, ஐசி டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுகிறான்.

லாஜிக் குடும்பங்கள் பற்றிய அத்தியாயத்தை ஒருமுறை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கோபத்துக்கு வேலையே இல்லை. 0, 1 என்று நாம் எழுதுவதெல்லாம் ஐசிக்குள் வோல்டேஜ்தான் என்று அங்கேதான் வருகிறது. டிடிஎல் இன்புட்டில் 0.8 வோல்ட் வரை 0, 2 வோல்ட்டுக்கு மேல் 1, நடுவில் எதற்கும் உத்தரவாதம் இல்லை. அவுட்புட்டோ 0-வை 0.4-க்குள்ளும் 1-ஐ 2.4-க்கு மேலும் தரக் கடமைப்பட்டது. இரண்டுக்கும் இடையே விட்டிருக்கும் அந்த 0.4 வோல்ட்தான் இரைச்சலைத் தாங்கும் இடைவெளி. எல்இடியை எத்தனை முறை எரித்து அணைத்தாலும் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

கண்ணில் படவே படாத பிழைகளும் உண்டு. ஏ, பி இரண்டும் ஒரு ஆண்ட் கேட்டில். ஏ-யின் தலைகீழும் சி-யும் இன்னொன்றில். இரண்டின் அவுட்புட்டும் ஓர் ஆர் கேட்டில். பி, சி இரண்டும் 1 ஆக இருக்கும்போது ஏ 1-லிருந்து 0-வுக்கு மாறுகிறது. விடை 1 ஆகவே இருக்க வேண்டும். ஆனால் ஏ-யைத் தலைகீழாக்கும் இன்வெர்ட்டர் சில நானோசெகண்டு தாமதிப்பதால் அவுட்புட் ஒரு கணம் 0-வுக்கு விழுந்து எழலாம். எல்இடியில் அது தெரியாது. அடுத்து ஒரு கவுன்ட்டர் இருந்தால் அது தப்பாக எண்ணிவிடும். பி, சி சேர்ந்த ஒரு கேட்டைக் கூட்டினால் பிரச்சினை தீரும். சமன்பாட்டைச் சுருக்கும்போது 'தேவையற்றது' என்று கே-மேப் அட்டவணை தள்ளிவிட்ட அதே உறுப்பு! காகிதத்தில் பென்சிலால் டைமிங் படம் வரைந்தால் கால் மணி நேரத்தில் புரிந்துபோகிற விஷயம் இது.

"நாங்களும் புத்தகம் படித்தோம், ஒன்றும் விளங்கவில்லையே" என்பவர்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் படித்தது எந்தப் புத்தகம்? பாடத்திட்டத்தில் மோரிஸ் மானோவின் 'டிஜிட்டல் டிசைன்' இருக்கும். கையில் இருந்ததோ லோக்கல் ஆதர் புத்தகமும் ஐந்து யூனிட்டுக்கான கொஸ்டின் பேங்கும். கே-மேப்பில் 00, 01-க்குப் பிறகு 11 ஏன் வருகிறது என்று கேட்டால் "அப்படித்தான் சார் போடணும்" என்று பதில் வருகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே ஒரு பிட்டில்தான் வேறுபட வேண்டும். அப்போதுதான் ஒரு மாறியை நீக்க முடியும். இந்த ஒரு வரியைத் தாண்டிக் குதித்து 13 மார்க் கணக்குக்கு ஓடிவிட்டு, பழியைப் புத்தகத்தின் தலையில் போடுவது நியாயமா?

செய்முறை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பட்டனை ஒருமுறை அழுத்தினால் கவுன்ட்டர் நான்கைந்து எண்ணுவதை லேபில் பார்த்தால்தான் சுவிட்சின் துள்ளல் உறைக்கும். ஆனால் அதை அடக்கும் எஸ்ஆர் லாட்ச் புத்தகத்தில்தான் இருக்கிறது. இந்தத் துறை பிறந்ததே ஏட்டிலிருந்துதான். ஜார்ஜ் பூல் 1854-இல் நூலாக எழுதிய தர்க்கக் கணிதத்தை, 1937-இல் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் ரிலே சர்க்கியூட்டுகளுக்குப் பொருத்திக் காட்டினார். பல்கலைக்கழக வகுப்பில் பூலைப் படித்திராவிட்டால் அவருக்கு அது தோன்றியிருக்குமா?

'ஓடுதே, அப்புறம் என்ன' என்ற மனப்பான்மைக்குப் பெரிய நிறுவனங்களும் விலை கொடுத்திருக்கின்றன. இன்டெலின் பென்டியம் சிப் சோதனைகளைத் தாண்டித்தான் சந்தைக்கு வந்தது. வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தது 1994-இல் அம்பலமானது. நிறுவனம் ஒதுக்க நேர்ந்த தொகை 47.5 கோடி டாலர். சிப்புக்குள் ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருக முடியாது.

சிப் வடிவமைப்பு வேலைக்குக் கனவு காணும் மாணவர்களே, அங்கே உங்கள் நாள் பெரும்பாலும் டேட்டாஷீட்டிலும் ஸ்பெசிஃபிகேஷனிலும்தான் கழியும். பாடப்புத்தகத்தைப் படிக்கப் பழகாதவனுக்கு அவையும் படிக்க வராது. கிட் வாங்குங்கள், தப்பில்லை. முதலில் புத்தகத்தைத் திறந்து, பென்சிலும் காகிதமுமாக உட்காருங்கள்.