வீடு யாருக்கு அருகில்?

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்த அக்கால இரயில்வே ஊழியர்களுக்கு, எங்கே வீடு பார்ப்பது என்ற கவலை அதிகம் இருந்ததில்லை. இரயில்வே நிர்வாகம் கட்டித் தந்த குடியிருப்பில் தங்கினார்கள்; பணிமனைக்கு நடந்தே போனார்கள். கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களிலும் அப்படித்தான். கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். லயத்து வீடும் அதே தோட்டத்தில் இருந்தது. அது வசதிதான். ஆனால், வேலை போனால் வீடும் போய்விடும் என்ற அச்சமும் கூடவே இருந்தது.

இன்று வேலை ஓரிடம், வீடு வேறிடம். கணவனுக்கும் மனைவிக்கும் வேலையிடங்களும் வெவ்வேறு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கணவர் பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரல் அருகில் உள்ள அலுவலகம் ஒன்றில் கணக்காளர். மனைவி கிள்ளானில் உள்ள பொது மருத்துவமனையில் தாதி. இடைவெளி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பிள்ளை முதலாம் ஆண்டில் படிக்கிறது. இவர்கள் எங்கே குடியிருப்பது? வாடகை மட்டும் இக்கேள்வியில் அடங்கியிருக்கவில்லை. விடியற்காலையில் யார் முதலில் எழுவது, பிள்ளையை யார் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, முடியாமல் போனால் யார் வேலையை விடுவது என்பவையும் அடங்கியிருக்கின்றன.

கேட்டவுடன் பலரும் சொல்லும் பதில், “நடுவில் பாருங்கள்” என்பதுதான். சுபாங் ஜெயாவிலோ ஷா ஆலாமிலோ வீடு எடுத்தால் இருவருக்கும் சம தொலைவு. யாருக்கும் மனக்குறை இல்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு தாளில் கோடு வரைந்து பார்த்தால் வேறொன்று புலப்படும். கோட்டின் ஒரு முனை பிரிக்பீல்ட்ஸ், மறுமுனை கிள்ளான். வீட்டை அக்கோட்டில் எந்த இடத்தில் வைத்தாலும், இருவரின் தொலைவையும் கூட்டினால் வருவது அதே 35 கிலோமீட்டர்தான். நடுவில் குடியிருப்பதால் குடும்பத்தின் மொத்தப் பயணம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறைவதில்லை. நெரிசலில் ஒருவர் சிக்குவதற்குப் பதிலாக இருவரும் சிக்குகிறார்கள். பெரும்பாலும் இரண்டு மகிழுந்துகள் தேவைப்படுகின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வரும்போது, உடனே ஓடிவர இருவருமே அருகில் இல்லை.

எனவே வீடு ஒருவரின் வேலையிடத்திற்கு அருகில் இருப்பதே மேல். அந்த ஒருவர் யார்? கணவரின் வேலையிடத்தைச் சுற்றியே வீடு தேடுவது நம் குடும்பங்களில் நெடுங்காலப் பழக்கம். சம்பளம் அதிகம் வாங்குபவருக்கே முதலிடம் என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டையும்விட, யாருடைய வேலை நேரம் வளைந்து கொடுக்காது என்று பார்ப்பதே பொருத்தமானது. தாதியின் பணி காலை 7 மணிக்குத் தொடங்கும். வேறொரு நாள் இரவு 9 மணிக்குத்தான் முடியும். நோயாளியைக் காக்க வைத்துவிட்டுத் தாமதமாகப் போக முடியாது. கணக்காளரின் நிலை அப்படியன்று. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, ஊழியர் தம் வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு எழுத்து வடிவில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்பது வேறு. கேட்கும் வழி திறந்திருக்கிறது.

ஆகவே இக்குடும்பத்திற்குக் கிள்ளானே ஏற்றது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கூட்டம் கோலாலம்பூரை நோக்கியே பாய்கிறது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தால் மனைவி எதிர்த்திசையில் எளிதாகப் போகலாமே, கணவரை ஏன் நெரிசலுக்குள் தள்ள வேண்டும்? மகிழுந்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்த மறுப்பு முற்றிலும் பொருந்தும். ஆனால், இரு நகரங்களுக்கும் இடையே இரயில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகேயுள்ள புக்கிட் கூடாவுக்கு 1886ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடியது. 1995 முதல் கொமுட்டர் இரயில் ஓடுகிறது. கிள்ளான் நிலையத்திற்கு நடந்து போகும் தூரத்தில் வீடு அமைந்தால், கணவர் கேஎல் சென்ட்ரல் வரை வண்டி மாறாமல் போகலாம். கூட்டம் இருக்கும், ஒரு வண்டியைத் தவறவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். ஆயினும், இடம் கிடைத்த நாளில் படிக்கலாம், உறங்கலாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

வாடகை குறைவு என்பதற்காக நிலையத்தைவிட்டு வெகுதூரம் போவது அவ்வளவு நல்லதன்று. நீண்ட பயணத்தின் சலிப்பை மலிவான வாடகையோ பெரிய வீடோ ஈடுகட்டிவிடும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சுவிட்சர்லாந்துப் பொருளியல் அறிஞர்கள் அலோயிஸ் ஸ்டுட்சரும் புருனோ ஃபிரேயும் ஜெர்மானிய மக்களிடம் திரட்டப்பட்ட தகவல்களை ஆராய்ந்தபோது, அவ்வாறு முழுமையாக ஈடாவதில்லை என்று கண்டார்கள். விலை குறைந்த வீட்டுக்கு வேறு காரணமும் இருக்கலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வரப்போகும் இரயிலை நம்பி வீடு எடுப்பதிலும் கவனம் தேவை. பண்டார் உத்தாமாவையும் கிள்ளானின் ஜொஹான் செத்தியாவையும் இணைக்கும் இலகு இரயில் தடம் 2020இல் திறக்கப்படும் என்றுதான் முதலில் திட்டமிடப்பட்டது. அதன் திறப்பு பலமுறை தள்ளிப்போனது. அதை நம்பி முன்கூட்டியே வீடு வாங்கியவர் அத்தனை ஆண்டுகளும் நெடுஞ்சாலையில்தான் நின்றிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய்ப் பார்த்தால் எந்த வீடும் அருகில்தான் தெரியும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், திங்கட்கிழமை காலை 6 மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு அலுவலக வாசல் வரை ஒருமுறை போய் வரட்டும். மழை பெய்யும் மாலையில் திரும்பினால் இன்னும் நல்லது.