உப்புப் பாக்கெட் கணக்கு



போன வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்கு பிரஷர் 170க்கு 100 இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதி, உப்பையும் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் தனிச் சட்டியில் உப்புக் குறைத்த சாம்பார். எங்களுக்கு வழக்கம் போல.

ஒரு ராத்திரி அடுப்படியில் ஊறுகாய் ஜாடியோடு அவர் நிற்பதைப் பார்த்துத் திட்டிவிட்டேன். "வகுப்புக்கு வெளியே நிறுத்தின பையன் மாதிரி இருக்கு எனக்கு" என்றார். சுருக்கென்றது. எத்தனை பேரை அப்படி நிறுத்தியிருக்கிறேன்! இதைப் படிக்கும் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் நாலு பேர், 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வரணும். பிரித்த தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதினேன். 28 நாளில் காலி! ஆளுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 9 கிராம். கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், மிக்சர் இதில் சேரவில்லை. அந்த வாரம் எனக்கும் பிரஷர் பார்த்தோம். 150க்கு 94. ஒரு தலைவலிகூட இல்லாமல்தான் இருந்தேன்.

அதனால் சொல்கிறேன், நோயாளிக்குத் தனிச் சட்டி வேண்டாம். வீட்டில் எல்லோருக்குமே உப்பைக் குறையுங்கள். நாங்கள் சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினோம். ஊறுகாய் வாரம் ஒரு நாள்தான். எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலையைக் கூட்டினோம். முதலில் சப்பென்றுதான் இருந்தது. இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது கல்யாண வீட்டுச் சாம்பார் கரிக்கிறது!

"இந்துப்பு போடுங்க டீச்சர்" என்று சிலர் சொல்கிறீர்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் உப்பையே குறைவாகப் போடுங்கள். பொட்டாசியம் கலந்த உப்பு சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். தின்பண்டப் பாக்கெட்டில் சோடியம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிடுகிற கை கொஞ்சம் குறைத்தே இடட்டும்.

கடைசியாக வீட்டுப்பாடம். அடுத்த உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது தேதி எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள் வந்தது என்று கணக்குப் போட்டு எனக்கு அனுப்புங்கள். பார்த்து எழுதக் கூடாது!

அன்புடன்,
உங்கள் டீச்சர்