இரவில் புகுந்தவர்கள்



புரட்டாதி பிறந்தால் எங்கள் பக்கத்தில் பாண்டிருப்புப் பேச்சுத்தான். சொறிக்கல்முனையில் திருச்சிலுவைத் திருவிழா முடிந்த சூட்டோடு, கிட்டங்கி கடந்து பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. பாரதக் கதையை ஒட்டிய 18 நாள் சடங்கு. வனவாசம், தவநிலை, கடைசியில் தீமிதிப்பு. இந்த இதழில் ஒரு யப்பானியப் படத்தைப் பற்றி எழுதலாமென்று உட்கார்ந்தேன். பேனா பாரதத்துக்கே இழுக்கிறது.

படத்தின் கதை நடந்த கதை. 1701இல் எடோக் கோட்டைக்குள், அதாவது இன்றைய டோக்கியோவில், அசானோ என்ற சிற்றரசர் கிரா என்ற அதிகாரியை வாளால் வெட்டினார். கிரா தப்பிவிட்டார். அசானோ அன்றைக்கே தன் வயிற்றைக் கிழித்து மாள வேண்டும் என்று ஆணை வந்தது. எசமானை இழந்து நடுத்தெருவுக்கு வந்த அசானோவின் சாமுராய் வீரர்களுக்கு ஒயிஷி தலைவர். குடியும் கும்மாளமுமாகத் திரிந்து அவர் கிராவின் ஒற்றர்களை ஏய்த்தார் என்பார்கள். 1703 ஜனவரிக் கடைசியில், இரவோடிரவாகக் கிராவின் மாளிகைக்குள் புகுந்து தலையைக் கொய்தார்கள். அதைச் செங்காகுஜி கோயிலில் எசமானின் கல்லறை முன் வைத்துவிட்டுச் சரணடைந்தார்கள். அரசாணைப்படி 46 பேர் தாங்களே வயிறு கிழித்து மாண்டார்கள்.

இதைப் பலர் படமாக்கியிருக்கிறார்கள். 1962இல் இனாகாகி எடுத்தது கண்ணுக்கு விருந்து. எனக்குப் பிடித்தது 1941, 42இல் மிசோகுச்சி இரண்டு பாகமாக எடுத்தது. போர்க்கால அரசு வீரம் ஊட்டும் படத்தை எதிர்பார்த்திருந்தது. அவரோ அந்த இரவுத் தாக்குதலைக் காட்டவே இல்லை. அதைப் பற்றி அசானோவின் விதவைக்கு வந்த கடிதத்தை வாசிக்கிறார்கள். நாமும் காதால் கேட்பதோடு சரி. அந்தத் துணிச்சல் லேசில் வராது.

பாரதத்திலும் இப்படி ஓர் இரவு இருக்கிறது. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனுக்காக அசுவத்தாமன் பாண்டவர் பாசறைக்குள் புகுகிறான். தன் தகப்பனைக் கொன்ற திட்டத்துய்மனைப் படுத்திருந்த இடத்திலேயே முடிக்கிறான். திரௌபதையின் ஐந்து பிள்ளைகளையும் விடவில்லை. சேதி கேட்டபிறகுதான் துரியோதனன் கண்மூடினான். இதுவும் எசமான் விசுவாசம்தானே? ஒயிஷிக்குக் கோயிலில் ஊதுபத்தி. அசுவத்தாமனுக்குத் தீராத சாபம். சாமுராய்கள் ஓடி ஒளியாமல் தண்டனைக்குத் தலைகொடுத்தார்கள், அந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் கிரா வீட்டுக் காவலாளிகளும் அன்றிரவு செத்தார்கள். அவர்களும் எசமானுக்காக வாளெடுத்தவர்களே. அவர்கள் பேரை யார் கேட்கிறார்கள்? பிள்ளைகளைப் பறிகொடுத்த திரௌபதையின் பக்கம் நின்று பார்த்துப் பழகியதால்தானோ என்னவோ, எனக்கு ஒயிஷியை முழுமனதோடு கொண்டாட முடியவில்லை.

‘பதினெட்டாம் போர்’ வடமோடிக் கூத்தில் ஆடிய அண்ணாவிமார் எங்கள் பகுதியில் இன்னும் இருப்பீர்கள். துரியோதனன் விழுந்ததோடு களரியை முடித்தீர்களா, அந்த இரவையும் ஆடினீர்களா? அசுவத்தாமன் வேடம் கட்டியவர் யாராவது இருந்தால் நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்