திரிகைக்கல்லும் காப்புரிமையும்



முதலில் என் குற்றத்தை அறிக்கையிட்டுவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன், ஞாயிறு இரண்டாம் பூசையில் நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, சிறுவர் அமரும் முன்வரிசையிலிருந்து கீச்சென்றோர் ஒலி விட்டுவிட்டு எழுந்தது. கோவிலுக்குள் கைப்பேசி கொண்டுவர வேண்டாமென்று சொல்லிச் சொல்லி வாய் நொந்தவன் நான். அன்றும் பேச்சை நிறுத்திக் கடிந்துகொண்டேன். பதினோரு வயதுப் பையன் ஒருவன் தலை கவிழ்ந்தபடி எழுந்து வெளியே போனான். அவன் பின்னாலேயே தாயும் போனாள். பூசை உடுப்பைக் களையும்போதுதான் உபதேசியார் மெல்லச் சொன்னார்: "அது போன் இல்லைங்க சாமி. அந்தப் பையனுக்குச் சர்க்கரை இறங்கிப்போச்சுன்னு சொல்ற மிஷினுங்க."

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தந்தை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் என்னத்துக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டுத் தாய் காப்பி வைக்க எழுந்து போனாள். பையன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். மேற்கையின் பின்புறத்தில், பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றே பெரிய வெண்ணிற வில்லை ஒன்று ஒட்டியிருந்தது.

அவனுக்கு இருப்பது முதல் வகைச் சர்க்கரை நோய். நம்மில் வயதானவர்களுக்கு வருவது வேறு, இது வேறு. இந்நோயில் உடலின் காவற்படையே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. ஆகவே ஆயுள் முழுவதும் நாள்தோறும் இன்சுலின் செலுத்தியாக வேண்டும். கூடினால் மயக்கம்; குறைந்தால் உயிருக்கே ஆபத்து. இது இனிப்புத் தின்றதால் வருவதன்று. பெற்றவர்கள் செய்த பாவம் என்று தெருவில் யாரோ சொன்னதாக அந்தத் தாய் கண்கலங்கினாள். பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் இதையே கேட்டபோது ஆண்டவர் கூறிய மறுமொழியை அருளப்பர் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் அந்தத் தெருவார் படித்துக்கொள்வார்களாக.

வில்லையின் அடியில் மயிரிழை போன்ற நுண்கம்பி தோலுக்குக் கீழே நிற்கிறது. அதில் பூசிய நொதிப்பொருள் திசுக்களிடையே ஊறும் நீரிலுள்ள சர்க்கரையோடு வினைபுரிய, சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதை அளந்து சர்க்கரையின் அளவைச் சொல்கிறது கருவி. இந்த நொதி வழியை அமெரிக்க அறிஞர் லீலண்ட் கிளார்க் 1962-இல் வெளியிட்டார். அதையொட்டிய ஆண்டுகளிலேயே ஆர்னால்ட் காடிஷ் என்னும் மருத்துவர் சர்க்கரைக்கேற்ப இன்சுலின் செலுத்தும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அது முதுகில் சுமக்கும் மூட்டையளவு இருந்ததாம்! இன்றோ சென்சாரும் மருந்து செலுத்தும் பம்பும் உடலில் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று பேசி, வேண்டிய மருந்தைத் தாமே செலுத்துகின்றன. இந்தப் பையனிடம் பம்ப் இல்லை. அதன் விலை இலட்சக் கணக்கில். சென்சார்கூட உறவினர் ஒருவர் தயவில் கிடைத்த இரண்டுதான். ஒன்று பதினான்கு நாள் உழைக்கும். பிறகு எறிந்துவிட்டுச் சில ஆயிரம் ரூபாய்க்கு வேறு வாங்க வேண்டும்.

அதுவரை வாய் திறவாதிருந்த தந்தை அப்போது கேட்டார்: "பத்து மைக்ரான் கணக்கு நாங்க பிடிக்கிறோமுங்க சாமி. மோட்டாரும் கிரைண்டரும் நாட்டுக்கே செஞ்சு குடுக்கற ஊருங்க இது. இந்த வில்லைய ஏனுங்க இங்க செய்யறதில்லை? யாராச்சும் செய்யக்கூடாதுன்னு பூட்டுப் போட்டு வெச்சிருக்காங்களாங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. குருமடத்தில் எனக்குச் சொல்லித்தந்த பாடங்களில் இது இல்லை. அறிந்தவர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கு எழுதுகிறேன்.

பூட்டு உண்டு. அதன் பெயர் காப்புரிமை. பேட்டன்ட் என்று நாம் சொல்வது. ஆனால் அது ஒரு பேரம். புதிதாக ஒன்றைக் கண்டவர், அதைப் பிறர் செய்து பார்க்கும் அளவுக்கு ஒளிவுமறைவின்றி எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அவர் அனுமதியின்றி வேறெவரும் அதைச் செய்யலாகாது என்று அரசு காவல் தருகிறது. அதன்பின் அது எல்லோருக்கும் பொது. அந்த எழுத்து பதினெட்டு மாதம் கழிந்ததும் பொதுவில் வெளியிடப்படும். தென் மாநிலத்தாருக்கு விண்ணப்பம் செல்லுமிடம் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம்.

கேட்டவருக்கெல்லாம் உரிமை கிடைத்துவிடாது. அங்குள்ள பரிசோதகர் ஒவ்வொரு கோரிக்கையையும் எடுத்து மூன்று கேள்விகள் கேட்கிறார். இது உலகில் எங்கும் ஏற்கெனவே இருந்ததில்லையா? துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாததா? பயன்படுமா? முதற்கேள்வியின் வலிமையை ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எவரும் விளக்குவர். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மருத்துவ மையம் 1995-இல் அந்நாட்டில் காப்புரிமை பெற்றது! நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு வழக்காடியது. பழைய நூல்களோடு, 1953-இல் நம் மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் சான்றாக வைக்கப்பட்டது. 1997-இல் உரிமை நீக்கப்பட்டது. நம் பாட்டிமார் கைமருந்தை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க இயலாதன்றோ?

சென்சாரையும் பம்பையும் ஒன்றாக்கிய கருவிக்கு வருவோம். இரண்டும் பழையவை. சேர்த்ததனால் மட்டும் உரிமை பிறக்குமா? 1970-ஆம் ஆண்டின் நம் சட்டம் 3-ஆம் பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது: தத்தம் வழக்கப்படித் தனித்தனியே இயங்கும் தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்கிவைப்பது கண்டுபிடிப்பாகாது. கிரைண்டரின் மேல் வானொலிப் பெட்டியைப் பொருத்தி, பாட்டுப் பாடும் கிரைண்டர் என்று உரிமை கேட்டால் கிடையாது. மாவின் பதத்தை உணர்ந்து மோட்டாரின் வேகத்தைத் தானே மாற்றும் அமைப்பென்றால் கதை வேறு. அவ்வாறே, இன்சுலினில் கலந்துள்ள பதனப்பொருள் அருகிலுள்ள சென்சாரின் கணக்கைக் கெடுக்கக்கூடும். ஒரே இடத்தில் இரண்டையும் வைத்தும் கணக்குக் கெடாத வழியொன்றை ஒருவர் காண்பாராயின், அவர் உண்மையில் உழைத்திருக்கிறார்; கூலிக்கு உரியவர். நோயை அறியும் முறைக்கும் குணமாக்கும் முறைக்கும் நம் சட்டம் உரிமை தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கருவிக்கு வேலி இடலாம். மருத்துவரின் கைக்கு வேலி இடலாகாது. இச்சட்டத்துக்கு அடிப்படையான 1959-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியவர் அப்போது சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த இராஜகோபால ஐயங்கார் என்பது நமக்குப் பெருமை.

இங்கே எனக்கு உபாகமம் 24-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. கடனுக்கு ஈடாகத் திரிகையின் கல்லை அடகு வாங்குவதை மோயீசன் தடுக்கிறார். அது ஒருவன் உயிரையே அடகு வாங்குவதாகும் என்பது அவர் சொல்லும் காரணம். கடன் கொடுத்தவனுடைய உரிமையை அவர் மறுக்கவில்லை. பணம் அவனுடையதுதான்; திரும்பக் கேட்கலாம். ஆனால் ஏழையின் வீட்டில் எதன்மேல் கை வைக்கலாம், எதன்மேல் வைக்கலாகாது என்பதற்கு ஓர் எல்லை கிழித்தார். மாவரைக்கும் கல்லுக்குப் பேர்போன ஊரில் வாழும் நமக்கு இச்சட்டத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அந்தப் பையன் கையில் ஒட்டியிருப்பதும் ஒரு திரிகைக்கல்தான்.

திருச்சபையின் போதனையும் இவ்வழியே செல்கிறது. தனியுடைமை எவருக்கும் வரம்பற்ற உரிமையன்று என்று திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967-இல் 'மக்கள் முன்னேற்றம்' மடலில் கற்பித்தார். 1991-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், நிலத்தைப்போல் அறிவும் தொழில்நுட்பமும் இன்று ஒருவகை உடைமையாகிவிட்டதைச் சுட்டினார். 2009-இல் பதினாறாம் பெனடிக்ட், செல்வ நாடுகள் அறிவுச் சொத்துரிமையை, அதிலும் மருத்துவத் துறையில், அளவுமீறி இறுக்கிப் பிடிப்பதை வெளிப்படையாகவே கண்டித்தார்.

இன்சுலினின் கதையையே பாருங்கள். 1922 சனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. மறு ஆண்டு பான்டிங், பெஸ்ட், கோலிப் ஆகிய மூவரும் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். உரிமையே வேண்டாமென்று விட்டிருக்கலாமே எனலாம். விட்டிருந்தால் வேறொருவர் வேலி போட்டிருப்பார், கலப்படமும் வந்திருக்கும். ஊர்க் கிணற்றைக் காக்க ஊரே சுவர் எழுப்பியது போன்றது அது. ஆகவே காப்புரிமை என்றாலே பாவம் என்று நான் சொல்லவில்லை. சுவர் எவருக்காக எழுகிறது என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் வெளியான பின், உரிமை வழங்குமுன், எவரும் ஆட்சேபம் எழுப்பலாம் என்கிறது சட்டத்தின் 25-ஆம் பிரிவு. 2024-இல் வந்த விதிகள் இதற்குக் கட்டணமும் முன்விசாரணையும் சேர்த்து வழியைச் சற்றே குறுக்கிவிட்டன. எனக்கு இதில் வருத்தமே. பெடாகுவிலின் என்னும் காசநோய் மருந்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் மேலும் சில ஆண்டுகளுக்கு உரிமை கேட்டபோது, எதிர்த்து எழுதியவர்கள் நம் நாட்டு நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளால் செவிப்புலன் இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காது கேளாத இரண்டு பெண்கள் சொன்னதை ஓர் அரசு அலுவலகம் கேட்டது.

இவ்வளவையும் அந்தக் கடைசல்காரரிடம் போய்ச் சொன்னேன். பூட்டு ஒன்றன்று, பல. அவற்றுள் சில துருப்பிடித்து விழுந்துவிட்டன: 2000-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ விண்ணப்பித்த எந்தக் காப்புரிமையும் இன்று உயிரோடில்லை. இந்தியாவில் விண்ணப்பிக்காத அயல்நாட்டுக் காப்புரிமை இங்கு எவரையும் கட்டுப்படுத்தாது. வெளியான விண்ணப்பங்களை இணையத்தில் எவரும் செலவின்றிப் படிக்கலாம். பட்டறைக்காரர் பலர் இதை அறியார். உரிமை வழங்கி மூன்று ஆண்டு கடந்தும் பொருள் நியாயமான விலையில் மக்களுக்குக் கிட்டாவிட்டால், பிறர் செய்ய அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. 2012-இல் புற்றுநோய் மருந்தொன்றின் ஒரு மாதச் செலவு 2,80,000 ரூபாயிலிருந்து 8,800 ரூபாயாக இறங்கியது இவ்வழியால்தான். ஆனால் நொதியைப் பூசும் நுட்பமும், உடலில் வைக்கும் கருவிக்கு வேண்டிய சோதனையும் உரிமமும் வேறு பூட்டுகள். அவற்றுக்குப் பணமும் படிப்பும் வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப பூட்டுப் பாதி, சாவி இல்லாதது பாதிங்க" என்றார். நான் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குள் இரண்டு வில்லைகளும் தீர்ந்துவிட்டன. பையன் மறுபடியும் நாளுக்குப் பலமுறை விரலைக் குத்திக்கொள்கிறான். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் மாதம் ஒரு சென்சாருக்கு ஏற்பாடு செய்ய முன்வந்துள்ளனர். மற்றொன்றுக்கு வழி தேடுகிறோம்.

தாய்க்கு வேறொரு கவலை இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டாள். பூசை நடுவில் சர்க்கரை இறங்கி, பையன் மிட்டாய் ஒன்றைத் தின்றுவிட்டால் நற்கருணை வாங்கலாமா? பல மாதங்களாக அவன் வாங்காமலே இருந்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் கட்டளை நோயாளிகளைக் கட்டாது. அவர்களைப் பேணுவோரையும் கட்டாது. திருச்சபைச் சட்டம் 919-இல் அது தெளிவாக இருக்கிறது. இதே ஐயத்தால் பின்வரிசையிலேயே அமர்ந்துவிடும் தாத்தா பாட்டிமார் எத்தனை பேரோ! உங்கள் வீட்டில் இருந்தால் இப்பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். சென்ற ஞாயிறு அவன் சட்டைப் பையில் இரண்டு தேன்மிட்டாயோடு வரிசையில் நின்றான்.